கனம் தாங்காத மனை

கலியம்மாளைப் பற்றி எங்கள் தெருவில் இரண்டு பேச்சு உண்டு. மகள் போன துக்கத்தில் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பது ஒன்று. மகளைச் சாகடித்ததே அவள்தான் என்பது இன்னொன்று. இரண்டையும் பேசுகிறவர்கள், அந்தப் பெண் செத்த அன்று கலியம்மாள் வாசலில் விழுந்து மாரடித்தவர்கள்தான். போன ஆடியில் கலியம்மாளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி அவள் பக்கத்தைச் சொல்ல ஆள் இல்லை என்பதால் நான் எழுதுகிறேன். வில்லியனூரில் கன்னியாஸ்திரிகள் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது ஜெபப் புத்தகம் வாசிப்பதற்காக. அதை வைத்துக்கொண்டு நான் தெருக்கதை எழுதுவேன் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

என் பெயர் சவேரியம்மாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதில் செலியமேட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். எங்கள் வீட்டுக்கு அடுத்தது கலியம்மாள் வீடு. அவளும் அவள் புருஷன் பக்கிரியும் பண்ணையில் கூலிக்கு உழைத்தவர்கள். நாங்களும் அதேதான். அவர்கள் மாரியம்மனைக் கும்பிட்டார்கள், நாங்கள் மாதாவைக் கும்பிட்டோம். மற்றபடி ஒரே வயல், ஒரே கஞ்சி.

தெருவில் அவர்களுடையது கடைசி மனை. ஒரு காலத்தில் அங்கே குட்டை இருந்து தூர்ந்துபோனது. கோடையில் பார்த்தால் நல்ல தரைபோல வெடித்துக் காய்ந்து கிடக்கும். ஒரு கடப்பாரையை ஊன்றிவிட்டுக் கையை எடுத்தால், யாரும் குத்தாமலே அது முழங்கை ஆழத்துக்கு இறங்கும். அடியில் அத்தனையும் களி. மனைக்குச் சொந்தக்காரரான ஆண்டை, குடியிருக்க இடம் கொடுத்திருக்கிறேன் என்று நாலு பேர் முன்னால் சொல்லிக்கொள்வார். நெல் விளையாத, மாடு கட்ட முடியாத இடத்தைத்தான் கொடுத்தார் என்பதை நாங்கள் யாரும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு எங்கே போய்க் குடியிருப்பது?

அவர்களுக்கு ஒரே மகள், அமுதம். இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் இடுப்புக்குக் கீழே சூம்பிப்போனது. நான் வந்தபோது அவளுக்கு ஐந்து வயது. கால்தான் இல்லையே தவிர வாய் நாலு ஆளுக்கு இருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே தெருவில் போகிற ஒருவரையும் விட மாட்டாள். எனக்கு அவள் வைத்த பெயர் 'சாமியாரம்மா'.

ஐப்பசி பிறந்தால் அந்த வீட்டுத் தரையில் தண்ணீர் மேலிருந்து வராது, கீழிருந்து ஊறும். நடக்கிற பிள்ளை என்றால் திட்டில் ஏறிக்கொள்ளும். அமுதம் ஈரத்திலேயே கிடப்பாள். அந்த ஈரம் பாயை நனைத்து, துணியை நனைத்து, கடைசியில் அவள் நெஞ்சுக்குள் போகும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் அவள் இருமலைக் கேட்டுக்கொண்டேதான் நாங்கள் சோறு தின்றோம். இந்தக் கார்த்திகையைத் தாண்டுமா என்று கேட்டுக்கொள்வோம்.

கலியம்மாளுக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தன் பெண்ணுக்கு ஈரமில்லாத தரை.

அதற்கு அவளுக்குத் தெரிந்த வழி மண். வேலை முடிந்து வரும்போது ஏரியிலிருந்து ஒரு கூடை மண்ணைச் சுமந்து வந்து வீட்டுக்குள் கொட்டி மிதிப்பாள். மூன்று வருஷம் ஒருநாள் விடாமல் கொட்டினாள். தரை ஒரு சாண் உயரும், அடுத்த மழையில் ஒன்றரைச் சாண் இறங்கும். வாசற்படி மண்ணுக்குள் போய்விட்டது. உள்ளே நுழைய எல்லோரும் குனிந்தோம்.

"ஏரிய முழுசா தூக்கியாந்து கொட்டினாலும் உன் வூடு பத்தலன்னுதான் சொல்லும்க்கா" என்று நான்கூடச் சிரித்திருக்கிறேன். அவள் மிதித்துக்கொண்டேயிருந்தாள். அப்போது சிரித்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முப்பத்திரண்டில் ஏரிப் பக்கத்திலிருந்து பள்ளத்து வயல்கள் வழியாக ரோடு போட வந்தார்கள். தெருவில் பாதிப் பேர் அந்த வேலைக்குப் போனோம். பள்ளத்தில் ஓரிடம் உளைச் சேறு. இருபது வண்டிக் கல்லைக் கொண்டுவந்து கொட்டினார்கள். ஒரு வாரத்தில் கல் போன இடம் தெரியவில்லை. மேற்பார்க்க வந்த வெள்ளைக்காரத் துரை தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு கடலூர்ப் பக்கத்திலிருந்து சிங்காரவேலு என்று ஒரு மேஸ்திரி வந்தார். கல்லை நிறுத்தச் சொன்னார். மெல்லிய சவுக்குக் கிளைகளான மிளாறுகளைக் கட்டுக்கட்டாகக் கட்டி, குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, அதன்மேல் தேங்காய் மட்டையைக் குவித்து, கடைசியில் கொஞ்சமாக மண் போட்டார். ரோடு நின்றது. இன்றைக்கும் நிற்கிறது.

நாங்கள் வேடிக்கை பார்த்துவிட்டு வெற்றிலை போடப் போனோம். கலியம்மாள் மட்டும் கூடையை இறக்கி வைத்துவிட்டு மேஸ்திரி முன்னால் போய் நின்றாள்.

"கல்லு போயிடுச்சி, மட்ட நிக்குது. அது எப்பிடி மேஸ்திரி?"

"கனமில்ல, அதான் நிக்குது. போம்மா, வேலையப் பாரு."

"வூட்டுக்கும் அப்பிடி நிக்குமா?"

மேஸ்திரி முசுடு. முதல் நாள் விரட்டினார், இரண்டாம் நாளும் விரட்டினார். மூன்றாம் நாள், சனியன் விடாது என்று தெரிந்துகொண்டு சொன்னார். "நீ மேல எவ்ளோ கனம் ஏத்தப் போறியோ, அவ்ளோ கனத்துக்குக் களிய முன்னாடியே தோண்டி வெளிய எடுத்துடணும். அந்தப் பள்ளத்துல லேசான சாமானப் போட்டு ரொப்பணும். பழைய கனத்துக்கும் புதுக் கனத்துக்கும் வித்தியாசம் களிக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சிதுன்னா இறங்கும். அவ்ளோதான் சூட்சுமம்."

அன்று சாயங்காலம் அவள் என்னிடம் வந்து, "மூணு வருசமா நானே என் வூட்ட அழுத்தியிருக்கேன்டி சவேரி" என்றாள். அழுகிறாளா என்று பார்த்தேன். இல்லை, அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சல்.

அடுத்த மாசி, பங்குனி இரண்டு மாதமும் வீட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் இடுப்பளவு தோண்டினார்கள். தான் சுமந்து கொட்டிய மண்ணையே திரும்பச் சுமந்து கொண்டுபோய் வெளியே கொட்டினாள். அமுதம் எங்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, "எங்கம்மாவுக்கு மண்ண உள்ள கொண்டாறது ஒரு வேல, வெளிய கொண்டுபோறது ஒரு வேல" என்று கத்துவாள். மிளாறு ஆண்டையின் சவுக்குத் தோப்பில் சும்மா கிடைத்தது. மட்டைக்குத்தான் அலைந்தாள். கடலோர ஊரான நல்லவாட்டுக்கு நடந்துபோய், கயிறு திரிக்கிறவர்கள் கழித்துப் போட்ட மட்டையையும் நார்த்தூளையும் மூட்டை கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வருவாள். கல்யாண வீடு, கோயில் திருவிழா என்று எங்கே தேங்காய் உரித்தாலும் ஓரமாகப் போய் நிற்பாள். அடியில் மிளாறு, அதன்மேல் மட்டை, அதன்மேல் தூள், உமிச்சாம்பல், எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஒரு சாண் மண். சுவருக்கு மண் இல்லை. மூங்கில் தப்பையில் தட்டி கட்டி, விரல் கனத்துக்குப் பூசினார்கள். கூரைக்குக் கரும்புச் சோகை.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. தெருவில் எல்லோர் வீட்டிலும் ஈரம் கசிந்தது, கலியம்மாள் வீட்டுத் தரையில் மட்டும் கோலப்பொடி அழியவில்லை. தரை தெருவைவிட முழங்கால் உயரத்துக்கு நின்றது. அமுதம் வாசலுக்கு நேராக உட்கார்ந்து கீற்று முடைந்துகொண்டே தெரு முழுவதையும் பார்த்தாள். ஏரிக்கரை மேல் போகிற வண்டி, மாடு, வண்டிக்காரன் துண்டின் நிறம் வரைக்கும் சொல்வாள். ஒன்பது வயதுப் பெண் முதல்முறையாக உலகத்தைப் பார்த்தது அப்போதுதான். அந்த வருஷம் அவள் இருமவில்லை. கலியம்மாளுக்குச் சதை பிடித்தது. பக்கிரி சும்மாவே பேச மாட்டார், அவர்கூட என் புருஷனிடம் போய், "என் வூட்டுக்கு வந்து ஒக்காந்து பாருப்பா" என்றார்.

இதோடு கதை முடிந்திருக்கலாம். நாங்கள் முடியவிடவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மார்கழி கடைசியில் பெண்கள் ஏரியிலிருந்து வண்டல் எடுத்து வந்து, பொங்கலுக்கு முன்னால் தரைக்கும் சுவருக்கும் புதுமண் போட்டு மெழுகுவோம். கிறிஸ்தவர்களான நாங்களும் போடுவோம். அந்த வருஷம் சாவு விழுந்த வீடு மட்டும்தான் புதுமண் போடாது. புதுமண் இல்லாத வீட்டைப் பார்த்தால் யார் போனது என்று கேட்பார்கள். கலியம்மாள் புதுவீட்டுக்குப் புதுமண் போடவில்லை. வெறும் சாணியை நீர்க்கக் கரைத்துத் தெளித்து மெழுகினாள். கனம் ஏறக் கூடாது என்பதுதான் காரணம். தெருவில் முணுமுணுத்தார்கள். ஒரு வருஷம், இரண்டு வருஷம் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முப்பத்தைந்து மார்கழியில் அமுதத்துக்குக் காய்ச்சல் கண்டது. ஈரத்தால் வந்ததல்ல, அந்த மாதம் தெருவில் பாதிப் பேருக்கு இருந்த காய்ச்சல்தான். எட்டு நாள் ஆகியும் இறங்கவில்லை. பக்கிரியின் அக்காள் விருத்தாம்பாள் பக்கத்து ஊரான பனித்திட்டிலிருந்து பார்க்க வந்தாள். நல்ல மனுஷி. அமுதத்தின் மேல் உயிர். வந்ததும் சுவரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"கலியம்மா, மூணு வருசமா எழவு வூடாட்டம் வச்சிருக்கியே. வா வான்னு கூப்புட்டா அது வராம இன்னா பண்ணும்?"

"கனம் தாங்காது அண்ணி" என்றாள் கலியம்மாள்.

"பொண்ணவிட வூடு பெருசா?"

கலியம்மாள் என்னைப் பார்த்தாள். நான் அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். மேஸ்திரி சொன்னது எனக்கும் தெரியும், நானும் ரோட்டில் கூடை தூக்கியவள். ஆனால் அமுதம் பாயில் பிதற்றிக்கொண்டு கிடந்தாள். எனக்கே பயமாக இருந்தது. "கொஞ்சமா போடலாம்க்கா" என்றேன்.

கொஞ்சமாகத்தான் போட்டோம். விருத்தாம்பாள் நான்கு கூடை, நான் மூன்று கூடை, கலியம்மாள் இரண்டு. மெழுகி முடித்த மறுநாள் அமுதத்துக்கு வேர்த்து விட்டது. காய்ச்சல் இறங்கிற்று. பத்தாம் நாள் இறங்குகிற காய்ச்சல் பத்தாம் நாள் இறங்கியது, வேறொன்றுமில்லை. அதை ஒரு தாயிடம் போய் யார் சொல்வது? பெண் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்கிறாள். கலியம்மாள் ஈரத் தரையில் நெற்றி பட விழுந்து கும்பிட்டாள்.

அதற்குப் பிறகு அவளைத் தடுக்க யாராலும் முடியாமல் போனது. வருஷா வருஷம் புதுமண். பெண்ணின் நெஞ்சில் வாடைக்காற்று படக் கூடாது என்று வடக்குப் பக்கத்துத் தட்டியை எடுத்துவிட்டு விருத்தாம்பாள் ஆள் விட்டு மண்சுவர் வைத்துக் கொடுத்தாள். அமுதம் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் கீற்று முடைவாள். அந்தச் சுவருக்கும் பொங்கலுக்குப் பொங்கல் ஒரு பூச்சு ஏறியது.

களிக்கு வித்தியாசம் தெரிந்துவிட்டது. முதலில் கண்டுபிடித்தவள் அமுதம். முப்பத்தெட்டிலோ ஒன்பதிலோ ஒருநாள் என்னிடம், "சித்தி, ஏரிக்கரையில வண்டி போனா மாட்டுக் கொம்புதான் தெரியுது. முன்னாடியெல்லாம் மாடே தெரியும்" என்றாள். அடுத்த வருஷம் கொம்பும் தெரியவில்லை. எதிர்வீட்டு வாசல் தெரிந்தது. அதற்கடுத்த வருஷம் தெருவில் போகிறவர்களின் இடுப்புக்குக் கீழேதான் தெரிந்தது. "இப்போ எல்லாரயும் கால வச்சித்தான் கண்டுபுடிக்கிறேன். உன் கால்ல பித்தவெடிப்பு, சாமியாரம்மா" என்று சிரித்தாள். பதினாறு வயதுப் பெண், தன் வீடு இறங்குவதைக் கேலியாகச் சொல்கிறாள்.

கலியம்மாளிடம் போய்ச் சொன்னேன். "அக்கா, மறுபடியும் தோண்டி எடுத்துடலாம். நானும் வரேன், எங்க வூட்டுக்காரரும் வருவாரு. இந்த வருசம் புதுமண்ணு வேணாம்."

"எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறியா?" என்றாள். "ஒவ்வொரு கூடையயும் கொட்டும்போது எனக்குத் தெரியுது. கொட்டாம இருந்து அவளுக்கு ஒண்ணு ஆயிட்டா? நான் இன்னாடி பண்ணுவேன்? இறங்குனா இறங்கட்டும், அவ இருக்கணும்."

அறிவு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். தாய்க்காரி பயத்தின் பக்கம்தான் சாய்வாள். நான் எனக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் அதைப் புரிந்துகொண்டேன். அவளைக் குற்றம் சொல்கிறவர்கள் தங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது எந்தெந்தக் கோயிலுக்கு ஓடினார்கள் என்று எனக்குத் தெரியும்.

நாற்பத்தொன்று கார்த்திகையில் நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலையில் வெயில் அடித்தது. களையெடுப்புக்கு எல்லோரும் வர வேண்டும் என்று பண்ணையிலிருந்து ஆள் வந்தது. நான் கலியம்மாளைக் கூப்பிடப் போனபோது அவள் கதவைச் சாத்தப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு பாதியில் தரையில் இடித்து நின்றது.

"அம்மா, வடக்குச் செவுரு பக்கம் தர சாஞ்சிருக்குது" என்றாள் உள்ளேயிருந்து அமுதம். "நான் தண்ணி வச்ச சொம்பு நிக்க மாட்டேங்குது."

"சாயங்காலம் வந்து பாக்குறேன்டி. அப்பாவ உட்டு முட்டுக் குடுக்கச் சொல்றேன்" என்றாள் கலியம்மாள். அவளை நடுவில் நகர்த்தி உட்கார வைக்கவா என்று கேட்டாள். "இங்கதான் வெயிலு வருது, இருக்கட்டும்" என்று அமுதம் சொன்னது என் காதில் விழுந்தது. நான்கு நாள் மழைக்குப் பிறகு வந்த வெயில். நானாக இருந்தாலும் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.

உச்சிப்பொழுதில் வயலுக்கு ஆள் ஓடி வந்தது. என்ன என்று சொல்வதற்கு முன்னாலேயே கலியம்மாள் களையைப் போட்டுவிட்டு ஓடினாள். வடக்குச் சுவர் மொத்தமாக உட்பக்கம் விழுந்திருந்தது. கூரை மட்டும் ஒன்றும் ஆகாமல் மூங்கிலில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கிரியும் ஆண்களும் கையால் மண்ணை வாரினார்கள். ஐந்து பொங்கலின் பூச்சு, பாளம் பாளமாக வந்தது. ஒவ்வொரு பாளத்திலும் அந்தந்த வருஷத்துச் சாணி மெழுக்கு தெரிந்தது. கடைசியாக அமுதத்தை எடுத்தபோது அவள் மேல் காயமே இல்லை. கனம்தான்.

கலியம்மாள் அழவில்லை. அதைத்தான் புத்தி பேதலிப்பு என்கிறார்கள்.

கல்யாணம் ஆகாத பெண் என்பதால் புதைத்தார்கள். எங்கள் பக்கம் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவோம், சுடுகாட்டுக்குப் போவதில்லை. கலியம்மாள் நிற்கவில்லை, பாடைக்குப் பின்னாலேயே நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. அவளைத் தனியாக விட மனசில்லாமல் நானும் போனேன். என் வழக்கம் வேறு, எனக்கு யார் என்ன சொல்ல முடியும்?

குழியில் இறக்கினார்கள். உறவுக்காரர்கள் ஆளுக்கு மூன்று பிடி மண் போட வேண்டும். முதலில் பக்கிரி குனிந்து மண்ணை அள்ளினார். கலியம்மாள் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மண்ணு வேணாம்யா" என்றாள். சத்தமே இல்லாமல் சொன்னாள். "போதும். அவ மேல இனிமே போடாதீங்க. தாங்க மாட்டா."

மண்வெட்டிக்காரர்கள் நின்றுவிட்டார்கள். விருத்தாம்பாளின் புருஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. பக்கிரி கையிலிருந்த மண் விரல் சந்து வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே உதிர்ந்தது. அவர் அவள் கையை விலக்கவில்லை.

"கலியம்மா" என்றார் அவர். பன்னிரண்டு வருஷத்தில் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "மேலாப்புல வச்சிட்டுப் போனா நரி தோண்டிடும்."

கலியம்மாள் குழிக்குள் பார்த்தாள். பிறகு சவுக்குத் தோப்புப் பக்கம் பார்த்தாள். அங்கே நரி உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். அவள் பிடித்திருந்த கை தளர்ந்தது.

"அப்பிடின்னா போடுங்க" என்றாள். "நல்லா கனமா போடுங்க."

பக்கத்தில் கிடந்த கூடையை எடுத்து, முதல் மண்ணை அவளே அள்ளினாள்.